ஒற்றை ரகமா, கலவையா? ஐந்தரை பீப்பாய் ஒயினுக்குப் பெயர் தேடியபோது

"கலக்கப் போறீங்களா? அப்போ அது கலப்படம்தானே?"

கம்பத்திலிருந்து போனில் அம்மா கேட்டார். இங்கே கலிபோர்னியாவில், பாஸோ ரோபிள்ஸ் ஊருக்கு வெளியே, அண்ணாவின் சமையலறை மேசையில் மூன்று பாட்டிலில் மாதிரி ஒயின், 100 மில்லி அளவு உருளை ஒன்று, ஒரு பிப்பெட், பன்னிரண்டு கண்ணாடிக் கோப்பைகள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அண்ணா சட்டென்று பதில் சொல்ல முடியாமல் என்னைப் பார்த்தார். அம்மா வீட்டில் மூன்று தலைமுறையாகப் பன்னீர் திராட்சை. பெட்டியின் மேல் என்ன பெயரோ அதுதான் உள்ளே இருக்கும். 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. அப்படியே பழகியவரிடம் போய் மூன்று ரகத்தைச் சேர்க்கப் போகிறோம் என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அம்மாவுக்கு அண்ணி பதில் சொன்னார். "அத்தை, காப்பிப் பொடி வாங்குறப்ப பீபெரி பாதி, பிளான்டேஷன் ஏ பாதி, சிக்கரி இருபதுன்னு சொல்லித்தானே அரைச்சு வாங்குறோம். அது மாதிரிதான் இதுவும்." அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுல எவ்வளவுன்னு பாக்கெட்டுல போட்டிருக்குமே. இதுல போடுவீங்களா?" என்றார்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாமே இருக்கிறது. காப்பி சிக்கரி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, இரண்டும் எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சிட்டே ஆகவேண்டும் என்று இந்தியச் சட்டம் சொல்கிறது. ஒயினில் நிலைமை வேறு. 'காபர்னே சோவின்யோன்' என்று ஒரு திராட்சை ரகத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்ட அமெரிக்க பாட்டிலில் கால் பங்கு வரை வேறு திராட்சை இருக்கலாம். அது என்ன என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

அண்ணா ஆலோசனை கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் ஆறு வருஷம் ஒயின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். அவர் நாலு ஏக்கர் வைத்திருக்கிறார். பெரும்பகுதி திராட்சையைப் பெரிய ஒயினரிகளுக்கு விற்றுவிட்டு, கொஞ்சத்தை மட்டும் தன் பெயரில் ஒயினாக்குகிறார். அதுவும் வாடகைக்கு ஒயின் செய்து தரும் ஒரு கூடத்தில்.

அவரிடம் மூன்று சிவப்பு ரகத்தின் ஒயின் இருந்தது: காபர்னே சோவின்யோன் நாலு பீப்பாய், மெர்லோ ஒரு பீப்பாய், பெட்டி வெர்டோ அரை பீப்பாய். ஒரு பீப்பாய் 225 லிட்டர், அதாவது 300 பாட்டில். மொத்தம் 1,650 பாட்டில். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விட்டால் காபர்னேயின் பங்கு 72.7 சதவீதம். ஒரு ரகத்தின் பெயரை மட்டும் லேபிளில் போட அமெரிக்கச் சட்டம் கேட்பது 75 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். மெர்லோவிலும் பெட்டி வெர்டோவிலும் சேர்த்து 37.5 லிட்டரை வெளியே எடுத்து வைத்தால் சரியாக 75 வந்துவிடும். 37.5 லிட்டர் என்றால் 50 பாட்டில். அந்த 50 பாட்டிலை எடுத்தால் அது 'காபர்னே சோவின்யோன்'. சேர்த்தால் வெறும் 'ரெட் ஒயின்'.

ஊருக்கு ஒரு கணக்கு

இந்த 75 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் முடிவெடுக்கச் சுலபம்.

1933-ல் மதுவிலக்கு முடிந்த பிறகு பல பத்தாண்டுகள் அமெரிக்க ஒயின்கள் பிரெஞ்சு ஊர்ப் பெயர்களைத்தான் சூடிக்கொண்டிருந்தன. கலிபோர்னியாவில் எந்தத் திராட்சையில் செய்திருந்தாலும் சிவப்பு என்றால் 'பர்கண்டி', வெள்ளை என்றால் 'ஷாப்ளி'. அதை மாற்ற வேண்டும், திராட்சையின் பெயரைப் போடுங்கள் என்று ஒயின் எழுத்தாளரும் வணிகருமான ஃபிராங்க் ஸ்கூன்மேக்கர் போன்றவர்கள் வாதாடினார்கள். நேர்மையான தோட்டக்காரருக்கு அது பெரிய வரம். ஆனால் அப்போது சட்டம் கேட்டது 51 சதவீதம்தான், நம் காப்பிப் பொடிக் கணக்கு. 1983 ஜனவரியில்தான் அது 75 ஆனது. அதற்கு மேல் ஏற்றாததற்குக் காரணம் உண்டு. காபர்னேக்குக் கொஞ்சம் மெர்லோ சேர்த்தால் ஒயின் மேம்படும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதற்கு இடம் விட்டாக வேண்டும்.

மற்ற இடங்களில் கோடு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆஸ்திரேலியாவிலும் 85. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் பினோ நுவார் திராட்சைக்கு 90 கேட்கிறது. அமெரிக்காவிலேயே கான்கார்ட் மாதிரி வாசனை தூக்கலான உள்நாட்டுத் திராட்சைக்கு இன்றும் 51 போதும், ஏனென்றால் அதை 75 வரை ஏற்றினால் பலரால் குடிக்க முடியாது. ஆக, இந்த எண்கள் எல்லாம் ஒரு பெயரை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று அந்தந்த இடத்தில் பேசி வைத்துக்கொண்ட எல்லைகள். 75-ஐத் தாண்டினால் ஒயின் நல்லது, தாண்டாவிட்டால் மட்டம் என்று அதற்குப் பொருள் இல்லை.

அண்ணா முன்னால் நாலு வழி இருந்தது. எல்லாவற்றையும் ஒரே அளவில் விரிக்கப் போவதில்லை, ஏனென்றால் எல்லாம் ஒரே எடை உள்ள வழிகள் இல்லை.

முதல் வழி: முழுக்க ஒரே ரகம்

நாலு பீப்பாய் காபர்னேயை மட்டும் பாட்டிலில் அடைப்பது. 1,200 பாட்டில். லேபிளில் '100 சதவீதம்' என்றும் போட்டுக்கொள்ளலாம், வாங்குபவர்களுக்கு அந்த எண் மீது ஒரு மயக்கம் உண்டு.

காபர்னே தனியாக நிற்கக்கூடிய திராட்சைதான். மணி சின்னது, தோல் தடிப்பு, அதனால் நிறமும் துவர்ப்பும் தாராளம். ஆனால் அதற்கு ஒரு பழைய குறை உண்டு. வாயில் வைத்ததும் கம்பீரமாக ஆரம்பிக்கும், விழுங்கிய பிறகும் நீளும், நடுவில் மட்டும் ஏதோ காலியாக இருக்கும். மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டை. நல்ல மண்ணில், குறைந்த விளைச்சலில், பொறுமையாகப் பழுத்த காபர்னேக்கு அந்த ஓட்டை தெரியாது. அண்ணாவின் கொடிகள் இன்னும் இளசு. தெரிந்தது.

100 சதவீதம் என்பது உயர்ந்த தரம் என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. பர்கண்டியில் சிவப்பு என்றால் பினோ நுவார் தனியாகத்தான், சரி. இத்தாலியில் புருனெல்லோ தி மோந்தால்சினோ என்ற ஒயின் முழுக்க சாஞ்சியோவேசே திராட்சை. 2008-ல் அங்கே சிலர் வேறு ரகங்களைச் சேர்த்தார்களா என்று விசாரணை வந்தது, ஊரே ஆடிப்போனது. ஆனால் அதே ஆண்டு உற்பத்தியாளர்கள் வாக்களித்து 100 என்பதையே வைத்துக்கொண்டார்கள். அந்த ஊருக்கு அது பொருந்தும், ஏனென்றால் அந்த ஒரு திராட்சையை அந்த ஒரு மலையில் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறார்கள். பிரான்சின் போர்டோவில் அப்படி இல்லை. உலகம் கொண்டாடும் அந்த ஊர் ஒயின்களில் மிகப் பெரும்பாலானவை கலவைதான்.

அண்ணாவுக்கு இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒன்றரை பீப்பாய் மிஞ்சும். அதைத் தனியாக பாட்டிலில் அடைக்க லேபிள், கார்க், கூலி என்று செலவு இழுக்கும். மொத்த விலைக்கு யாரிடமாவது தள்ளினால் போட்ட காசு வராது.

இரண்டாவது வழி: கோட்டைத் தாண்டும் அளவுக்குச் சேர்ப்பது

கலிபோர்னியாவில் கடை அலமாரியில் இருக்கும் காபர்னேக்களில் நிறைய இந்த வகைதான். காபர்னேயை 75-க்கு மேல் வைத்து, மீதியில் மெர்லோவோ வேறு ஏதாவதோ சேர்த்து, முன்பக்கத்தில் ஒரே பெயர். வாங்குபவர் பெயரைப் பார்த்து வாங்குகிறார், ஒயின் செய்பவருக்குக் கைக்கு இடமும் கிடைக்கிறது.

அந்தப் பெயருக்கு இருக்கும் மதிப்பை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் காபர்னே திராட்சையின் சராசரி விலை சமீப ஆண்டுகளில் டன்னுக்கு 8,000 டாலரைத் தாண்டியிருக்கிறது. அதே பள்ளத்தாக்கின் மெர்லோ அதைவிட வெகுவாகக் குறைவு. அமெரிக்காவில் உணவக மெனுவும் கடை அலமாரியும் இணையத் தேடலும் ரகப் பெயரை வைத்துத்தான் ஓடுகின்றன. முன்பின் தெரியாத ஒரு தயாரிப்பாளரின் பாட்டிலை ஒருவர் கையில் எடுப்பதற்கு அந்த ஒரு சொல்தான் பல நேரம் காரணம்.

பெயருக்குக் காசு இருக்கும் இடத்தில் திருட்டும் வரும். 2010-ல் தென் பிரான்சின் கார்காசோன் நீதிமன்றம் பன்னிரண்டு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மலிவான மெர்லோவையும் சிராவையும் பினோ நுவார் என்று சொல்லி அமெரிக்காவின் காலோ நிறுவனத்துக்கு விற்றிருக்கிறார்கள், சுமார் 1 கோடியே 80 லட்சம் பாட்டில் அளவுக்கு. மாட்டிக்கொண்டதும் நாக்கால் இல்லை, கணக்கால். அந்த வட்டாரம் மொத்தமாக விளைவிக்கும் பினோ நுவாரைவிட அதிகம் விற்றிருந்தார்கள். அம்மா சொன்ன கலப்படம் இதுதான்.

சட்டப்படி செய்யும் இரண்டாவது வழியை நான் அந்த வகையில் சேர்க்க மாட்டேன். 78 சதவீதம் காபர்னே உள்ள ஒயினை காபர்னே என்று அழைப்பதில் ஏமாற்று எதுவும் இல்லை. எனக்கு உறுத்துவது வேறு. எண்ணை முதலில் வைத்துக்கொண்டு ஒயினைப் பின்னால் பொருத்துவது. கூடத்தில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 70-ல் அருமையாக இருக்கும் கலவையை லேபிளுக்காக 76-க்கு இழுப்பார்கள், நடு வாயில் மறுபடி ஓட்டை விழும், யாரும் எதுவும் பேச மாட்டார்கள்.

அப்புறம், சரியாக 75-ல் நிற்கவும் முடியாது. பீப்பாயிலிருந்து ஒயின் மெல்ல ஆவியாகும், மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை மேலே ஊற்றி நிரப்ப வேண்டும். நிரப்பும் ஒயின் வேறு ரகமாக இருந்தால் சதவீதம் நகரும். ஒவ்வொரு லிட்டருக்கும் பதிவேடு வேண்டும், அதிகாரிகள் கேட்டால் காட்ட வேண்டும். ஆகவே அண்ணா 76 வைத்துக் கணக்குப் போட்டார். அப்போது வெளியே நிற்கும் அளவு சுமார் 53 லிட்டர், 71 பாட்டில்.

மூன்றாவது வழி: கலவைக்குத் தனிப் பெயர்

ஐந்தரை பீப்பாயையும் சேர்த்து, 'ரெட் ஒயின்' என்ற வகையில், தானே ஒரு பெயர் வைத்து விற்பது. ஊர்ப் பெயரும் அறுவடை ஆண்டும் போட்டுக்கொள்ளலாம், அதற்குத் தடை இல்லை.

இந்த வழியின் பெருமைக்குரிய முன்னோர்கள் உண்டு. கலிபோர்னியாவில் ஜோசப் ஃபெல்ப்ஸ் ஒயினரியின் 'இன்சிக்னியா' 1974 அறுவடையிலிருந்து வருகிறது. ராபர்ட் மோந்தாவியும் பிரான்சின் பாரன் ஃபிலிப் தெ ரோத்ஷில்டும் சேர்ந்து தொடங்கிய 'ஓப்பஸ் ஒன்' 1979-லிருந்து. இத்தாலியின் கதை இன்னும் சுவையானது. அங்கே கியாந்தி வட்டாரத்து ஒயினுக்கு 1967-ல் வந்த விதிகள் சிவப்பு ஒயினில் குறைந்தது 10 சதவீதம் வெள்ளைத் திராட்சை சேர்த்தே ஆகவேண்டும் என்றன. அந்தினோரி குடும்பம் 1971-ல் தங்கள் 'திக்ஞானெல்லோ' தோட்டத்து ஒயினுக்குக் கியாந்தி என்ற பெயரே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சட்டத்தின் பார்வையில் மிகக் கீழ்ப்படியான 'மேசை ஒயின்' என்று விற்றது. வெள்ளைத் திராட்சை போய் காபர்னே வந்தது. விலை கியாந்தியை மிஞ்சியது. கடைசியில் விதிதான் இறங்கி வந்தது. 2006 அறுவடையிலிருந்து கியாந்தியின் பழைய மையப் பகுதியான கியாந்தி கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சை சேர்க்கவே கூடாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ரிட்ஜ் ஒயினரியின் 'கெய்சர்வில்'. 1966-லிருந்து வருகிறது. சோனோமாவில் 130 வயதைத் தாண்டிய கொடிகளும் உள்ள தோட்டம். ஜின்ஃபண்டல், கரிஞான், பெட்டிட் சிரா எல்லாம் ஒரே வயலில் கலந்து நிற்கின்றன. முன்பு லேபிளில் ஜின்ஃபண்டல் என்று போட்டார்கள். பல ஆண்டுகளில் ஜின்ஃபண்டல் 75-ஐத் தொடாது. தொடவைப்பதற்காக ஒயினை வளைக்காமல், ரகப் பெயரை விட்டுவிட்டுத் தோட்டத்தின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதோடு என்னென்ன திராட்சை எத்தனை சதவீதம் என்று லேபிளிலேயே அச்சிடுகிறார்கள். அந்த லேபிளை அண்ணாவிடம் காட்டினேன். வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தார்.

ஆனால் இன்சிக்னியா, ஓப்பஸ் ஒன் பின்னால் இருந்த பணபலமும் புகழும் 1,650 பாட்டில்காரருக்குக் கிடையாது. புதுப் பெயர் என்றால் ஒவ்வொருவருக்கும் நின்று விளக்க வேண்டும். 1988-ல் கலிபோர்னியாவில் உருவான 'மெரிட்டேஜ்' என்ற பொதுப் பெயரும் உண்டு: போர்டோ ரகங்கள் மட்டும், குறைந்தது இரண்டு, எதுவும் 90-ஐத் தாண்டக்கூடாது, சங்கத்தில் உறுப்பினராகிக் கட்டணம் கட்ட வேண்டும். அண்ணாவின் ஒயின் அதற்குத் தகுதிதான். எனக்கு அதில் உற்சாகம் வரவில்லை. அந்தச் சொல்லையும் நின்று விளக்கத்தான் வேண்டும்.

நாலாவது வழி: எல்லாப் பெயரும், எல்லா எண்ணும்

இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்கச் சட்டம் இரண்டோ அதற்கு மேலோ ரகப் பெயர்களைச் சேர்த்துப் போட அனுமதிக்கிறது. பாட்டிலில் உள்ள எல்லா ரகங்களின் பெயரும் வர வேண்டும், ஒவ்வொன்றின் சதவீதமும் வர வேண்டும், இரண்டு சதவீதம் முன்பின் இருக்கலாம். அப்படிப் போட்டால் 75 என்ற நிபந்தனை கிடையாது. 73-லும் காபர்னே என்ற சொல் முன்பக்கத்தில் வரும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிட்டத்தட்ட இதே மாதிரி, அளவு குறைந்துகொண்டே போகும் வரிசையில் பெயர்களை எழுதலாம். அதனால்தான் ஆஸ்திரேலிய பாட்டிலில் 'காபர்னே ஷிராஸ்' என்பதும் 'ஷிராஸ் காபர்னே' என்பதும் வேறு வேறு ஒயின்.

குறைகள் உண்டு. லேபிளில் இடம் அடைக்கும். பீப்பாயை நிரப்ப வேறு ரகம் ஒன்றைச் சேர்த்தால் அதன் பெயரும் லேபிளில் ஏற வேண்டும். ஒவ்வொரு வருஷமும் எண் மாறும். மெனு அட்டையில் மூன்று பெயரைப் போட உணவகக்காரர் யோசிப்பார். சான் லூயிஸ் ஒபிஸ்போவில் ஒரு கடைக்காரர் நேராகவே சொன்னார்: "எப்படிப் போட்டாலும் நான் ரெட் பிளெண்ட் அலமாரியில்தான் வைப்பேன்."

மேசையில் நடந்தது

முடிவை லேபிளை வைத்து எடுக்க வேண்டாம், முதலில் ருசித்துப் பார்ப்போம், என்ன பெயர் வரும் என்பதை அப்புறம் சட்டம் சொல்லட்டும் என்று அண்ணாவிடம் கேட்டுக்கொண்டேன். அவர் ஒத்துக்கொண்டார்.

மூன்று கலவை. முதலாவது காபர்னே மட்டும். இரண்டாவதற்கு அளவு உருளையில் 76 மில்லி காபர்னே, 19 மெர்லோ, பிப்பெட்டால் 5 மில்லி பெட்டி வெர்டோ. வெளியே வைக்க வேண்டிய 53 லிட்டரையும் பெட்டி வெர்டோவிலிருந்தே எடுப்பதாகக் கணக்கு. மூன்றாவது 73, 18, 9. ஐந்தரை பீப்பாயும் அப்படியே. எண்ணைப் பார்த்தால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. பெட்டி வெர்டோ 5-லிருந்து 9 ஆவதுதான் விஷயம்.

இந்தத் திராட்சையைப் பற்றி ஒரு வார்த்தை. போர்டோவில் மெர்லோ முதலில் பழுக்கும், ஒன்றிரண்டு வாரம் கழித்து காபர்னே, எல்லோரும் போன பிறகு பெட்டி வெர்டோ. குளிர்ந்த வருஷத்தில் அது பழுக்காமலே போகும். அங்கே கலவை பிறந்ததற்குப் பாதிக் காரணம் இந்தக் கால வித்தியாசம்தான். வசந்தப் பனி முன்னால் துளிர்க்கும் மெர்லோவை அடித்தால் காபர்னே தப்பிக்கும், அறுவடை நேரத்து மழை காபர்னேயைக் கெடுத்தால் அதற்குள் மெர்லோ கூடத்துக்கு வந்திருக்கும். பாஸோ ரோபிள்ஸில் கோடைப் பகல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டு, இரவில் 12, 13-க்கு இறங்கும். இங்கே பெட்டி வெர்டோ நன்றாகவே பழுக்கும். கறுத்த நிறம், ஊதாப்பூ வாசனை, பிடித்து இழுக்கும் துவர்ப்பு. பெருங்காயம் மாதிரி, கொஞ்சம் போனாலும் தெரியும்.

அண்ணி கோப்பைகளின் அடியில் அ, ஆ, இ என்று எழுதி ஊற்றினார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவரும் வந்திருந்தார், முப்பது வருஷமாக ஒயின் செய்பவர். யாருக்கும் எது எது என்று தெரியாதபடி இடம் மாற்றி வைத்தோம். முதல் நாள் நாலு பேரில் மூன்று பேர் சொன்னது 76. மிருதுவாக, வட்டமாக, உடனே பிடித்துப்போகும் ஒயின். 73 வாசனையில் முந்தியது, ஆனால் விழுங்கிய பிறகு துவர்ப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது, பச்சை வாழைப்பூவைக் கடித்த மாதிரி. 100 நிமிர்ந்து நின்றது, நடுவில் அந்த ஓட்டையோடு. அண்ணாவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. காபர்னே என்ற பெயர் நிலைத்துவிட்டது என்று நினைத்தார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் மட்டும் மீதியைக் கொட்ட விடவில்லை. பாதி காலியான பாட்டில்களை மூடி வைக்கச் சொன்னார், காற்று கொஞ்சம் வேலை செய்யட்டும் என்று. மறுநாள் அண்ணி மட்டன் சுக்கா செய்திருந்தார். அதே எழுத்துகள், புதுக் கோப்பைகள். ஒரு வாய் சுக்கா, ஒரு மடக்கு. கறியின் கொழுப்பும் உப்பும் சேர்ந்ததும் 73-இன் துவர்ப்பு அடங்கி, உள்ளே இருந்த பழமும் பூவும் மேலே வந்தன. முந்தின நாள் வட்டமாக இருந்த 76 தட்டையாகிவிட்டது, நேற்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டதைப் போல. இந்த முறையும் நாலுக்கு மூன்று, ஆனால் 73-க்கு. மாறாத ஒருவர் அண்ணி. அவருக்கு இரண்டு நாளும் 76-தான் பிடித்தது, அதை அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

எனக்குச் சந்தேகம் இல்லாமல் போனது இன்னொரு காரணத்தால். நாங்கள் ருசித்தது பீப்பாயிலிருந்து வந்த இளம் ஒயின். பாட்டிலில் ஒன்றிரண்டு வருஷம் கிடந்தால் துவர்ப்பு மென்மையாகும், இல்லாத வாசனை புதிதாக வந்துவிடாது. இன்று கொஞ்சம் முரடாக இருக்கும் 73-க்கு வளர இடம் இருக்கிறது.

எதை யாருக்குச் சொல்வேன்

அண்ணாவுக்கு நான் சொன்னது நாலாவது வழி. அவர் பாட்டில்களில் பெரும்பகுதி தோட்டத்துக்கு வருபவர்களிடமும், மின்னஞ்சல் பட்டியலில் உள்ள முந்நூறு சொச்சம் குடும்பங்களிடமும் போகிறது. அவர்களிடம் மூன்று பெயரையும் எண்ணையும் காட்டிப் பேச முடியும், அவர்கள் கேட்பதே அதைத்தான். ஒயினில் ஒரு சொட்டும் மிஞ்சாது. கடைகளில் ரெட் பிளெண்ட் அலமாரிக்குப் போவது நஷ்டம்தான், அதை மறைக்கவில்லை.

வேறு நிலையில் இருப்பவருக்கு வேறு பதில். விநியோகஸ்தர் மூலம் தூரத்து மாநிலங்களில் விற்பவர், தன் குரலில் விளக்க முடியாத இடத்தில் பாட்டில் நிற்கும் என்றால், இரண்டாவது வழியை எடுக்கலாம். ஆனால் முதலில் ருசித்துவிட்டு, கலவை தானாக 75-க்கு மேல் வந்தால் மட்டும். இரண்டு மூன்று சதவீதம் இழுக்க வேண்டியிருந்து வாயில் வித்தியாசம் தெரியவில்லை என்றாலும் சரி. தெரிந்தால் வேண்டாம். பின்பக்க லேபிளில் மீதி என்ன என்று ஒரு வரி போடுவதற்குச் செலவு எதுவும் இல்லை, போடுங்கள். 100 சதவீதம் என்பதை, அந்த ஒரு நிலத்தின் காபர்னே தனியாக நடு வாயை நிரப்புகிறது என்று இரண்டு மூன்று அறுவடையில் பார்த்த பிறகே யோசிப்பேன். தனிப் பெயர், சொந்தமாகச் சுவைக்கூடமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு.

வாங்குபவராக இருந்தால் ஒன்று கவனியுங்கள். ஒரே பெயர் போட்ட அமெரிக்க பாட்டில் குறைந்தது 75, ஐரோப்பிய அல்லது ஆஸ்திரேலிய பாட்டில் குறைந்தது 85. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சதவீதங்களை எழுதியிருந்தால் அந்த ஒயினரி உங்களிடம் பேச விரும்புகிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். 'ரெட் பிளெண்ட்' என்று மட்டும் இருந்தால் விலகிப் போக வேண்டாம், என்ன திராட்சை என்று கேளுங்கள்.

அண்ணா இரண்டு நாள் யோசித்தார். நாபாவில் அந்தப் பெயருக்கு என்ன விலை என்று ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் ஐந்தரை பீப்பாயும் ஒரே தொட்டிக்குப் போனது. லேபிளின் முன்பக்கத்தில், ஊர்ப் பெயருக்குக் கீழே, ஒரே அளவு எழுத்தில்: காபர்னே சோவின்யோன் 73, மெர்லோ 18, பெட்டி வெர்டோ 9.

மாதிரி லேபிளைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினார். அம்மா உடனே கூப்பிட்டு, மூன்றையும் கூட்டிப் பார்த்ததாகவும் நூறு சரியாக வருகிறது என்றும் சொன்னார்.

இந்த வருஷம் மெர்லோவைப் பனி அடித்துவிட்டது, முக்கால் பீப்பாய் தேறினால் அதிகம். அச்சகத்தில் எண்கள் வரும் மூன்று இடங்களையும் காலியாக விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்.